பன்னெண்டு வருஷ சர்வீஸ் சார்!

உங்கள் பர்ஸை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பணத்தை எண்ணச் சொல்லவில்லை. மாசக் கடைசியில் அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன். அட்டைகளை மட்டும் எண்ணுங்கள். டிரைவிங் லைசென்ஸ், பான் கார்டு, ஆதார், ஆபீஸ் ஐ.டி.... நாம் நாம்தான் என்று நிரூபிக்கவே நாலு அட்டை வேண்டியிருக்கிறது!

லைசென்ஸ் கொடுப்பதில் நம் தேசம் என்றைக்குமே கஞ்சத்தனம் காட்டியதில்லை. ஒரு காலத்தில் ரேடியோ கேட்கவே லைசென்ஸ். போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி, குட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வரவேண்டும். 80களில்தான் அதை ஒழித்துக்கட்டினார்கள். சைக்கிளுக்கும் லைசென்ஸ் இருந்தது. காசு கட்டினால் ஒரு தகர வில்லை தருவார்கள். அதை மாட்டிக்கொண்டு போனால், டைனமோ எரியாவிட்டாலும் ஒரு கெத்து. இப்போது டீக்கடையில் வடை சுடுவதற்கே பதிவு வேண்டும். 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

குடி விஷயத்தில் கேட்கவே வேண்டாம். ஓட்டல் பாருக்கு எஃப்.எல்.3, கிளப்புக்கு எஃப்.எல்.2 என்று லைசென்ஸிலேயே தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். சில்லறை விற்பனையை 2003 நவம்பரிலிருந்து அரசாங்கமே டாஸ்மாக் மூலம் கவனித்துக்கொள்கிறது. மதுவிலக்கு இருக்கிற குஜராத்தில் இன்னும் விசேஷம். டாக்டர்கள் குழு பரிசோதித்து, 'இந்த ஆசாமியின் ஆரோக்கியத்துக்கு இது தேவை' என்று சொன்னால் 'ஹெல்த் பர்மிட்' கிடைக்கும். குடிப்பதற்கு டாக்டர் சர்டிபிகேட்!

ஆக, விற்பதற்கு லைசென்ஸ் உண்டு. சில ஊரில் குடிப்பதற்கும் உண்டு. குடிக்கிறவருக்கு கவுன்சலிங் கொடுத்துத் திருத்துகிறேன் என்று கிளம்புகிறவருக்கு?

ஒரு போர்டும் ஒரு செல்போன் நம்பரும் இருந்தால் போதும் போலிருக்கிறது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறீர்களா? விவரமாகவே சொல்கிறேன்.

* * *

நாங்குநேரியில் எனக்கு ஒரு அத்தை. அத்தைக்கு ஒரே மகன், எனக்கு அத்தான். வயசு நாற்பத்திரண்டு. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. நல்ல உழைப்பாளி. காலையில் எழுந்ததும் கை நடுங்கும். நடுக்கம் நிற்பதற்கு ஒரு கட்டிங் உள்ளே போகவேண்டும். அந்த அளவுக்கு வந்துவிட்டது.

அத்தை பார்க்காத வைத்தியம் இல்லை. எங்கள் ஊர் வானமாமலைப் பெருமாள் கோயிலில் எண்ணெய்க் கிணறு ஒன்று உண்டு. பெருமாளுக்குக் காப்பிட்ட எண்ணெயை அதில் சேர்த்து வைப்பார்கள். தோல் வியாதிக்கு நல்லது என்று எங்கிருந்தெல்லாமோ வந்து வாங்கிப்போவார்கள். 'தோலுக்குக் கேக்குதுன்னா தொண்டைக்குக் கேக்காதா?' என்று அத்தை அதை அத்தானின் உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தாள். முடி நன்றாகப் பளபளத்தது. அடுத்து, சத்தியம் பண்ணி மணிக்கட்டில் கயிறு. கயிறு நைந்துபோகிற வரைகூடச் சத்தியம் தாங்கவில்லை. கை நடுக்கமெல்லாம் வருவதற்கு முன்னால், ஒரு வருஷம் ஐயப்பனுக்கு மாலை போட்டதும் உண்டு. நாற்பத்தெட்டு நாள் அத்தான் ஒரு மகான். தெருவே 'சாமி, சாமி' என்று கும்பிட்டது. மாலையைக் கழற்றிய சாயங்காலம்... அதை விடுங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் பேப்பருக்குள் வைத்து ஒரு நோட்டீஸ் வந்தது. 'போதை மறுவாழ்வு மையம். 90 நாளில் பூரண குணம். அனுபவம் மிக்க கவுன்சலர்கள். வாகன வசதி உண்டு.'

"எய்யா, நீ பி.காம். படிச்சவன். ஒரு போன் போட்டு என்ன ஏதுன்னு கேளேன்" என்றாள் அத்தை. பி.காமுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் பி.காம். என்றால் இன்கம்டாக்ஸ் முதல் இடுப்பு வலி வரைக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

போட்டேன்.

"சொல்லுங்க சார். யாருக்கு? அப்பாவுக்கா, அண்ணனுக்கா?"

"அத்தானுக்கு. அங்க டாக்டர் யாரு இருக்காங்க?"

"தேவைப்பட்டா வருவாரு சார்."

"கவுன்சலிங் யாரு குடுக்கிறது?"

"நான்தான் சார்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

சின்ன மௌனம். அப்புறம் கம்பீரமாகப் பதில் வந்தது: "பன்னெண்டு வருஷ சர்வீஸ் சார்!"

"கவுன்சலிங்லயா?"

"இல்ல சார். குடியில."

சத்தியமாக ஜோக் இல்லை. அவரும் ஜோக்காகச் சொல்லவில்லை. "இப்ப நாலு வருஷமா தொடுறதில்ல சார். குடிகாரன் மனசு குடிகாரனுக்குத்தான் தெரியும். புஸ்தகம் படிச்சவனுக்கு என்ன தெரியும்?" என்றார்.

போனை வைத்துவிட்டு முதலில் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், அந்த மனுஷர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

* * *

அந்தப் பாதி நியாயத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்ற ஷேர் மார்க்கெட் ஆசாமியும், பாப் ஸ்மித் என்ற சர்ஜனும் சந்தித்தார்கள். இரண்டு பேருமே குடியால் நொந்தவர்கள். ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொண்டிருந்தால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுபிடித்தார்கள். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அப்படிப் பிறந்ததுதான். இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. சர்டிபிகேட் கிடையாது, ஃபீஸ் கிடையாது, வந்தவரின் முழுப்பெயரைக்கூடக் கேட்பதில்லை.

அதற்கும் முன்னால், 1913-லேயே, பாஸ்டன் நகரத்தில் கோர்ட்னி பேலர் என்ற, குடியிலிருந்து மீண்ட மனிதர் மற்றவர்களை மீட்கும் வேலைக்குச் சம்பளத்துக்கு அமர்ந்திருக்கிறார். 1954-ல் மின்னசோட்டா மாநில அரசாங்கம் 'குடிநோய் கவுன்சலர்' என்று ஒரு பதவியையே உண்டாக்கி, குடியை விட்டவர்களுக்கு அந்த வேலையைக் கொடுத்தது. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், சர்வீஸ் கமிஷன் வேலைக்கு முன்னாள் குடிகாரர் என்பதே தகுதி!

ஆக, பட்டதை வைத்துப் பாடம் சொல்வது இந்தத் தொழிலில் கேவலமே இல்லை. தொழிலே அங்கிருந்துதான் ஆரம்பம்.

இனி மறுபாதி. போனில் அந்த மனுஷர் மேற்கொண்டு சொன்னது இது: "ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு பசங்களோட வண்டி வந்துரும் சார். அசந்து தூங்கும்போது தூக்கிருவோம். நீங்க கதவை மட்டும் தொறந்து வையுங்க. மூணு நாள் கத்துவாங்க. அப்புறம் தானா சரியாயிரும்."

மூணு நாள் கத்துவாங்க. இந்த மூணு வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வண்டி வருவதாகப் பேச்சு. அத்தை 'யோசிச்சுச் சொல்லுதேன்' என்று இழுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் ரகசியம் என்பது அரை மணி நேரம் தாங்கும் சரக்கு. அத்தான் காதுக்கு வேன் சமாச்சாரம் எட்டிவிட்டது. பயந்துபோய் வியாழக்கிழமை காலையிலிருந்து தானாகவே குடியை நிறுத்திவிட்டார். 'பாத்தியளா, வேன் வராமலே குணமாயிட்டு!' என்று வீடே சந்தோஷப்பட்டது.

வெள்ளிக்கிழமை சாப்பிடவில்லை, தூங்கவில்லை. காபி டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. சனிக்கிழமை ராத்திரி, வெறும் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தள்ள ஆரம்பித்தார். செத்து எட்டு வருஷம் ஆன மாமாவிடம், 'லோடு ஏத்தியாச்சாப்பா?' என்று கேட்டார். உடம்பு அனலாகக் கொதித்தது. வேர்வையில் பாய் நனைந்தது. 108-க்குப் போன் பண்ணித் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டியூட்டி டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்ப குடிச்சாரு?"

இந்த நிலைக்கு 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்று பெயர். பல வருஷம் தினமும் குடித்த உடம்பில் மூளை அந்தச் சாராயத்தை எதிர்த்து வேலை செய்தே பழகியிருக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் எதிர்ப்பக்கம் சட்டென்று கயிற்றை விட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது. பெரும்பாலும் கடைசியாகக் குடித்த இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் வரும். வலிப்பு வரலாம், இதயம் தடுமாறலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். தக்க மருந்தும், வைட்டமின் பி-1 ஊசியும், கண்காணிப்பும் இருந்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். அத்தான் பிழைத்தார்.

'மூணு நாள் கத்துவாங்க' என்பதன் மருத்துவ அர்த்தம் இதுதான். பன்னெண்டு வருஷம் குடித்த சர்வீஸில் இது தெரிந்துவிடாது. அந்த மனுஷருக்கு இப்படி வந்திருக்காது. அதனால் மற்றவர்களுக்கும் வராது என்று நம்புகிறார். தன் அனுபவம் என்பது ஒரே ஒரு நோயாளியைப் பார்த்த அனுபவம். கவுன்சலருக்கு மருந்து எழுதத் தெரியவேண்டியதில்லை. ஆனால் 'இவரை இப்போது என்னிடம் வைத்துக்கொள்ளக்கூடாது, டாக்டரிடம் அனுப்பவேண்டும்' என்று சொல்லத் தெரியவேண்டும்.

* * *

படித்த கவுன்சலர் என்ன செய்வார் என்பதையும் பிற்பாடு பார்த்தேன். சமூகப்பணியில் எம்.ஏ. முடித்த ஒரு சின்னப் பெண். அத்தானிடம் ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார். வெளியே காத்திருந்த அத்தை, "என்னம்மா சொன்னான்?" என்று ஆவலாகக் கேட்டாள்.

"அதைச் சொல்ல முடியாதும்மா. அவர் என்கிட்ட நம்பிச் சொன்னது."

"நான் பெத்தவளாக்கும்!"

"தெரியும்மா. நீங்க சொன்னதையும் நான் அவர்கிட்ட சொல்லல."

அத்தைக்கு மகாக் கோபம். ஆனால் அத்தான் அடுத்த வாரமும் அந்தப் பெண்ணிடம் போனதற்குக் காரணமே இதுதான். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல் என்று எங்கு திரும்பினாலும் சொந்தக்காரர் நிற்கிற ஊரில், சொன்ன விஷயம் வெளியே போகாத ஒரு இடம் கிடைப்பது லேசா?

அஞ்சு மாசம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அத்தான் மறுபடி குடித்தார். வீட்டில் ஒப்பாரி. அந்தப் பெண் மட்டும் திட்டவில்லை, உபதேசம் பண்ணவில்லை. "அஞ்சு மாசம் குடிக்காம இருந்தீங்களே, எப்படி முடிஞ்சது?" என்று கேட்டாராம். "மாப்ளே, வாழ்க்கையில இப்படி ஒரு கேள்வியை யாரும் எங்கிட்ட கேட்டதில்ல" என்றார் அத்தான். நாமெல்லாம் நஷ்டத்தை மட்டும் எழுதுகிறோம். அந்தப் பெண் அஞ்சு மாச லாபத்தை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்! இதுவும் படித்து, பழகி, யாரோ ஒருவர் மேற்பார்வையில் செய்து பார்த்துக் கற்றுக்கொள்கிற விஷயம்தான்.

* * *

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29-லிருந்து அமலில் இருக்கிறது. குடியாலும் போதையாலும் வருகிற மனநிலைக் கோளாறுகளும் அதில் மனநோய் என்ற சொல்லுக்குள் அடக்கம். ஆகவே ஆளை உள்ளே தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். திரும்பத் திரும்ப நடத்தினால் 5 லட்சம் வரை போகும்.

ஒருவரின் சம்மதம் இல்லாமல் சேர்க்கவேண்டிய நிலை வந்தாலும் அதற்கு ஒரு முறை இருக்கிறது. 89-ம் பிரிவு. அவருடைய பிரதிநிதி விண்ணப்பிக்கவேண்டும். ஒரு மனநல டாக்டரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ, தனித்தனியாகப் பரிசோதித்துச் சொல்லவேண்டும். அதிகபட்சம் 30 நாள். மறுஆய்வுக் குழுவுக்குத் தகவல் போகவேண்டும். ராத்திரி ரெண்டு மணி, நாலு பசங்கள், திறந்த கதவு என்று அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை! எந்த ரூபத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 95-ம் பிரிவு தனியாகச் சொல்கிறது.

சங்கிலியைப் பற்றிச் சட்டத்தில் எழுதவேண்டி வந்ததற்குப் பின்னால் நம் தமிழ்நாட்டுச் சாம்பல் இருக்கிறது. நாங்குநேரிக்காரனுக்கு ஏர்வாடி என்றால் பக்கத்தில் நம்பியாற்றங்கரையில் இருக்கிற ஏர்வாடி. நான் சொல்வது ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓட வழியில்லாமல் 28 பேர் செத்துப்போனார்கள். 1987-லேயே மனநலச் சட்டமும், அதில் லைசென்ஸும் இருந்தது. காகிதத்தில் இருந்தது.

இன்றைக்குச் சட்டம் கட்டடத்தைக் கேள்வி கேட்கிறது. ஆளை? மாநில ஆணையம் பதிவு செய்யவேண்டிய மனநலப் பணியாளர்கள் என்று சட்டம் சொல்வது கிளினிகல் சைக்காலஜிஸ்ட், மனநல நர்ஸ், மனநலச் சமூகப்பணியாளர் ஆகியோரை. கிளினிகல் சைக்காலஜிஸ்டுகளுக்கு 1992-ம் வருஷச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலிலும் பதிவு உண்டு. 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று ஒரு புதுச் சட்டம் வந்தது. அதன் பட்டியலைப் பார்த்தால் தாய்ப்பால் ஆலோசகர் இருக்கிறார், சர்க்கரை நோய் ஆலோசகர் இருக்கிறார், ஹெச்.ஐ.வி. கவுன்சலர் இருக்கிறார். 'போதைக் கவுன்சலர்' என்று தனித் தலைப்பு இல்லை. 'மனநல உதவிப் பணியாளர்' என்ற தலைப்புக்குள் ஒடுங்கி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

பயிற்சி இல்லாமல் இல்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் உதவிப் பணத்தில் நடக்கிற மையங்கள் பட்டமும் பயிற்சியும் உள்ள கவுன்சலரை வைத்துக்கொள்ளவேண்டும். போதையிலிருந்து மீண்டவர்களையும் அங்கே வேலைக்கு எடுக்கலாம், பயிற்சி கொடுத்து. கொழும்பில் தலைமையகம் வைத்திருக்கிற கொழும்புத் திட்டம் 1973-ல் போதைத் தடுப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, பிற்பாடு கவுன்சலர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழே தருகிறது. ஆனால் சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. இந்த வித்தியாசத்தைத்தான் நான் இத்தனை நேரமாகச் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பி.காம்.காரன். எந்தக் கடைக்கும் கணக்கு எழுதுவேன், பாலன்ஸ் ஷீட் போடுவேன். ஆனால் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது. ஆடிட்டர்தான் போடவேண்டும். அவருக்கு என்னைவிடக் கூட்டல் நன்றாக வரும் என்பதாலா? இல்லை. 1949-ம் வருஷச் சட்டப்படி அவர் பேர் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. தப்பாகக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பேரை அடிக்க முடியும். வக்கீலுக்கும் அப்படியே, டாக்டருக்கும் அப்படியே. சான்றிதழ் என்பது 'இவர் கற்றார்' என்று சொல்வது. லைசென்ஸ் என்பது 'இவர் தப்புப் பண்ணினால் யாரிடம் போய்க் கேட்பது' என்பதற்கு ஒரு முகவரி. பன்னெண்டு வருஷ சர்வீஸ்காரர் நாளைக்கு ஒரு ஆளை மூன்று நாள் கத்தவிட்டுக் கொன்றால் மையத்தை மூடலாம், போலீஸ் கேஸ் போடலாம். ஆனால் அவர் அடுத்த ஊரில் போய் மறுபடி 'கவுன்சலர்' என்று போர்டு மாட்டுவதைத் தடுக்க, அவர் பேரை அடிப்பதற்கு ஒரு புத்தகம் வேண்டுமே?

* * *

"எல்லாரும் எம்.ஏ. படிக்கணும், பரீட்சை எழுதணும்னு சொன்னா நாங்குநேரிக்கு யாருய்யா வருவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019-ல் எய்ம்ஸ் மூலம் மத்திய அரசு வெளியிட்ட கணக்குப்படி, குடியால் பிரச்னைக்குள்ளாகி உதவி தேவைப்படுகிறவர்கள் இந்தியாவில் 5.7 கோடி. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். டாஸ்மாக் மூலம் நம் அரசுக்கு 2024-25-ல் வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய். வரவு இப்படிக் கொழிக்க, எதிர்ப்பக்கத்தில் ஆளே போதவில்லை. 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 சிகிச்சை மையங்களைத் திறந்தது. நல்ல காரியம். இன்னும் எத்தனையோ வேண்டும். இந்த நிலையில் மீண்டு வந்தவர்களை விரட்டினால் நஷ்டம் நமக்கு.

விரட்டவேண்டாம், ஏணி வைக்கலாம். அமெரிக்காவில் 1981-லிருந்து இயங்கும் ஐ.சி. அண்ட் ஆர்.சி. என்ற அமைப்பு போதைக் கவுன்சலர்களுக்கு வைத்திருக்கிற அளவுகோல் இது: மேற்பார்வையோடு 6,000 மணி நேர வேலை, 300 மணி நேர வகுப்பு, அப்புறம் 150 கேள்வியோடு ஒரு பரீட்சை. 6,000 மணி என்றால் நம் ஆபீஸ் கணக்கில் சுமார் மூன்று வருஷம். (தூங்கும் நேரம் சேர்த்தியில்லை.) பட்டம் பெற்றவருக்கு மணி நேரம் குறையும். பட்டம் இல்லாதவருக்குக் கதவு மூடுவதில்லை, படி கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 40 மணி நேரம் மறுபடி படித்துப் புதுப்பிக்கவேண்டும். ஒழுக்க விதியை மீறினால் சான்றிதழ் போய்விடும். அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் சட்டம் மாறும், குளறுபடிகளும் உண்டு. ஆனால் ஏணி இருக்கிறது.

நம்மிடமும் முன்மாதிரி இல்லாமல் போகவில்லை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரிலேயே சிகிச்சை மையம் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்றால் தெரியும். 1992-ல் பத்மஸ்ரீ, 1999-ல் ஐ.நா.வின் வியன்னா விருது. பட்ட வலி அவருக்கும் இருந்தது. அந்த வலியை மட்டும் சர்டிபிகேட்டாக மாட்டிக்கொள்ளவில்லை. டாக்டர், நர்ஸ், கவுன்சலர் என்று ஒரு அணியைச் சேர்த்தார். மற்ற மையங்களின் கவுன்சலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடமாகவும் அது வளர்ந்தது. சர்வீஸும் வேண்டும், படிப்பும் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம்?

* * *

புத்தகம் வரும்போது வரட்டும். அதுவரை நாம் என்ன செய்வது? உங்கள் ஆபீஸில் மூன்றாவது மேஜைக்காரரின் தம்பிக்கோ, ரூம்மேட்டுக்கோ, ஏன், உங்களுக்கோ எனக்கோகூட நாளைக்குத் தேவைப்படலாம். போன் பண்ணும்போது இதையெல்லாம் கேளுங்கள்:

மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, நம்பர் என்ன? டாக்டர் தினம் வருகிறாரா, 'தேவைப்பட்டால்' வருகிறாரா? குடியை நிறுத்துகிற முதல் வாரத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள்? கவுன்சலர் எங்கே பயிற்சி எடுத்தார், அவருக்கு மேலே யார்? வீட்டு மனுஷர்கள் பார்க்க வரலாமா, போனில் பேசலாமா? '90 நாளில் பூரண குணம்' என்று சத்தியம் பண்ணினாலோ, வேன் அனுப்புகிறேன் என்றாலோ, 'ராங் நம்பர்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம்.

இன்னொன்று. 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று மருந்து விற்கிறார்களே, அதை வாங்கிச் சாம்பாரில் போடாதீர்கள். 1948-ல் டென்மார்க்கில் கண்டுபிடித்த டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து ஆளையே சாய்த்துவிடும். டாக்டர் எழுதி, சாப்பிடுகிறவரும் தெரிந்து சம்மதித்துச் சாப்பிடவேண்டிய மருந்து அது. ரகசியமாகக் கொடுத்தால் அதற்குப் பெயர் வைத்தியம் இல்லை.

உதவிக்கு இலவச நம்பர் இரண்டு இருக்கிறது. போதை மீட்புக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 14416. போன் செய்ய லைசென்ஸ் தேவையில்லை.

'எத்தனை வருஷ சர்வீஸ்?' என்று யாரிடமும் கேட்டு ஏமாறாதீர்கள். 'டேபிளுக்கு எந்தப் பக்கத்தில் சார்?' என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் என்று ஒருவர் பதில் சொன்னால், அட்ரஸை உடனே குறித்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர் லேசில் கிடைக்கமாட்டார்.